பன்னிரண்டில் இரண்டு: குரல்நாண்களின் கணினி உருவகமும் பெங்களூரு ஆய்வு மரபும்

மனிதக் குரல் பிறக்கும் விதத்தைக் கணினியில் உருவகப்படுத்தும் முயற்சியின் வரலாறு, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தையும் சுவீடனின் அரச தொழில்நுட்பக் கழகத்தையும் நடுவில் நிறுத்தியே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வரலாற்றின் திருப்பங்கள் சிலவற்றில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மின்தொடர்பியல் துறையில் படித்தவர்களும் பாடம் நடத்தியவர்களும் முன்நின்றிருக்கிறார்கள் என்பது தனித்தனிச் செய்தியாகத் தெரிந்ததே என்றாலும், அவர்களுடைய ஆய்வுகளை ஒரே கேள்வியின் தொடர்ச்சியாக வைத்துப் பார்ப்பது அரிதாகவே நிகழ்ந்துள்ளது. பேச்சொலியில் குரல்நாண்களின் பங்கு எது, அவற்றுக்கு மேலுள்ள காற்றுவழியின் பங்கு எது, இரண்டையும் எந்த அளவுக்குப் பிரித்தெடுக்க முடியும் என்பதே அக்கேள்வி. அதற்கான விடை 1971 முதல் 1982 வரையிலான காலத்தில் எவ்வாறு மாறியது என்பதையும், அம்மாற்றத்தில் பெங்களூருக்கு உரிய இடம் எது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நுரையீரலிலிருந்து எழும் காற்று குரல்வளையில் உள்ள இரு நாண்களையும் அதிரச் செய்கிறது. நாண்கள் திறந்து மூடும்போது துண்டுதுண்டாக வெளிப்படும் அக்காற்று, தொண்டை, வாய், மூக்கு ஆகியவற்றாலான குரற்குழலில் ஒத்திசைந்து உதட்டில் ஒலியாகிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் உந்தியில் தொடங்கும் காற்றைத் தலை, மிடறு, நெஞ்சு என்னும் நிலைகளிலும் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புகளிலும் பின்தொடர்வதை அறிந்த வாசகருக்கு இவ்வரிசை புதிதன்று. குன்னர் ஃபன்ட் 1960இல் வெளியிட்ட ‘பேச்சு உருவாக்கத்தின் ஒலியியல் கோட்பாடு’ என்னும் நூல் இதனை மூலம், வடிப்பான் என்று இரண்டாகப் பகுத்தது. குரல்நாண்கள் தரும் காற்றுத்துடிப்பு மூலம். அதன் அதிர்வெண்களில் சிலவற்றைத் தூக்கியும் சிலவற்றை அமுக்கியும் உயிரொலிகளின் வேறுபாட்டைத் தருகிற குரற்குழல் வடிப்பான். 1962இல் பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லியும் கேரல் லாக்பாமும் குரற்குழலைப் பல சிறு உருளைகளின் தொடராகக் கணினியில் அமைத்தபோது இந்த இருகூற்றுப் பகுப்பையே அடிப்படையாகக் கொண்டனர். மூலமும் வடிப்பானும் ஒன்றையொன்று பாதிப்பதில்லை என்பது கணக்கீட்டு வசதிக்காகக் கொள்ளப்பட்ட எடுகோள். அது இயற்கையின் விதி போலப் பின்வந்தவர்களால் படிக்கப்பட்டதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இப்பின்னணியில் அடுத்துவந்த பெரும் மாற்றம் நேர்கோட்டு முன்கணிப்பு எனப்படும் முறை. பேச்சலையின் ஒரு கணத்து மதிப்பை அதற்கு முந்தைய சில மதிப்புகளைக் கெழுக்கள் எனப்படும் உரிய எடைகளால் பெருக்கிக் கூட்டி ஊகிப்பதும், ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை எச்சம் எனத் தனியே பிரிப்பதும் இதன் சாரம். இதனைப் பேச்சுக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் பிஷ்ணு அட்டல். இந்திய அறிவியல் கழகத்தில் 1955இல் பட்டயம் பெற்று, 1957 முதல் 1960 வரை அங்கேயே ஒலியியல் விரிவுரையாளராக இருந்து, 1961இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தவர் இவர். அதே காலத்தில் ஜப்பானில் இடாகுராவும் சைட்டோவும் வேறு வழியில் இதே இடத்தை வந்தடைந்தனர். இரு தரப்பாரின் கட்டுரைகளும் 1968ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த உலக ஒலியியல் மாநாட்டில் இடம்பெற்றன. இவற்றுள் முந்தியது எது என்பது முதல் எண்ணத்தைக் கணக்கில் எடுப்பதா, முதல் உரையையா, அச்சேறிய முதல் கட்டுரையையா என்பதைப் பொறுத்து மாறுமாதலால், அவ்வழக்கை இங்கே தீர்க்க முற்படுவது பயனற்றது.

இக்கட்டுரை மாறுபடுவது வேறோர் இடத்தில். அட்டல் 2006இல் ‘நேர்கோட்டு முன்கணிப்பின் வரலாறு’ என்னும் தலைப்பில் தம் கண்டுபிடிப்பைப் பற்றித் தாமே ஒரு கட்டுரை எழுதினார். அதன் முதன்மை இழை, தொலைபேசிப் பேச்சைக் குறைந்த தகவல் அளவில் அனுப்பும் சிக்கலும், அதற்கு விடையாகத் தகவல் கோட்பாட்டின் வழியில் வந்த முன்கணிப்பு எண்ணமுமே. கண்டுபிடித்தவரின் சாட்சியம் என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. பின்னர் எழுதுவோர் அதனை ஏற்றுக்கொள்வதும் இயல்பு. ஆனால் அந்த வாசிப்பின்படி நேர்கோட்டு முன்கணிப்பு முதலில் ஒரு செய்திக்குறியீட்டு உத்தி. குரல் உறுப்புகளோடு அதற்குள்ள உறவு பின்னர்க் கண்டறியப்பட்ட விளக்கம் மட்டுமே. இம்முறையைத் தொண்டையின் உருவகம் என்று கொள்ளாமல், எந்த அலைக்கும் பொருந்தும் கணித முறையாக மட்டும் காணும் போக்குக்கு இவ்வாசிப்பு துணைநிற்கிறது. 1975இல் வெளிவந்து பரவலாகப் படிக்கப்பட்ட ஜான் மக்கூலின் விளக்கக் கட்டுரை, உள்ளீடு எதுவென்று தெரியாத ஓர் அமைப்பின் வெளியீடாகவே குறிகையை எடுத்துக்கொண்டு, அவ்வுள்ளீட்டைத் துடிப்பாகவோ வெள்ளிரைச்சலாகவோ வைத்துக்கொள்ளலாம் என்று கொண்டபோது, குரல்நாண்கள் தமக்கென ஒரு வடிவம் இல்லாத வெறும் தட்டலாகிவிட்டன.

அட்டலின் வாசிப்புக்குப் பெங்களூரிலேயே ஒரு வலுவான சான்று உண்டு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கழகத்தின் ஒலியியல் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும் இந்திய மொழிகளின் ஒப்புத்திறனைத் தகவல் கோட்பாட்டு நோக்கில் ஆராய்ந்து 1962இல் வெளியிட்ட அறிக்கையில், இணையாசிரியர்களுள் ஒருவராக அட்டலின் பெயரும் உள்ளது. அதாவது ஷானன் வகுத்த தகவல் கோட்பாடு, அமெரிக்கா செல்லும் முன்பே பெங்களூரில் அட்டல் கையாண்ட கருவி. எனவே முன்கணிப்பு எண்ணத்தின் வேர் தகவல் கோட்பாட்டில் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. மறுக்க வேண்டியது, அந்த வேர் மட்டுமே இருந்தது என்பதைத்தான். இதற்கான சான்று 2006ஆம் ஆண்டின் நினைவில் இல்லை. 1971இல் அட்டலும் எஸ். எல். ஹனாவரும் அமெரிக்க ஒலியியல் கழக இதழில் வெளியிட்ட கட்டுரையிலேயே, ஒரே ஓர் எண்ணில் இருக்கிறது.

அந்த எண் பன்னிரண்டு. ஒரு மதிப்பை ஊகிக்க முந்தைய எத்தனை மதிப்புகள் வேண்டும் என்ற கேள்விக்கு அக்கட்டுரை தரும் விடை அது. செய்திக்குறியீட்டு உத்தி மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், எச்சத்தின் ஆற்றல் எந்த எண்ணிக்கைக்குப் பிறகு குறையாமல் நிற்கிறது என்று அளந்து பார்த்து அந்த எண்ணைத் தேர்வதே போதும். அட்டலும் ஹனாவரும் உடலிலிருந்து தொடங்குகிறார்கள். குரல்நாண்களிலிருந்து உதடு வரை குரற்குழலின் நீளம் 17 செ.மீ. எனக் கொண்டால், ஒலி அதனைக் கடந்து திரும்ப ஏறத்தாழ 1 மில்லி நொடி ஆகும். முன்கணிப்பானின் நினைவு அந்த இருவழிப் பயண நேரத்துக்கு ஈடாக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. நொடிக்கு 10,000 மதிப்புகள் எடுக்கும்போது இரு மதிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் 0.1 மில்லி நொடி. ஆகவே பத்து மதிப்புகள் தேவை. இதே பத்தை வேறொரு வகையிலும் சரிபார்க்கலாம். ஒருபுறம் மூடி மறுபுறம் திறந்த 17 செ.மீ. குழல் 500, 1500, 2500, 3500, 4500 ஹெர்ட்சில் ஒத்திசையும். 5000 ஹெர்ட்சுக்குள் அடங்கும் ஒத்திசைவுகள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கெழுக்கள் வேண்டும். பத்து என்பது குரற்குழலின் நீளம் எண்ணாக மாறிய வடிவமே. எஞ்சிய இரண்டும் குரல்நாண்களின் காற்றுத்துடிப்புக்கும் உதட்டிலிருந்து ஒலி வெளியேறும் விதத்துக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்டவை.

இந்தப் பத்தும் இரண்டும் என்ற பங்கீடு நேர்கோட்டு முன்கணிப்பின் பிறப்புச் சான்று எனத் தகும். கெழுக்களின் எண்ணிக்கையை உறுப்புகளின் அளவிலிருந்து வருவிக்கும் ஒருவர், அலையின் புள்ளியியலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கொள்வது கடினம். அன்றியும் இப்பங்கீடு செய்திக்குறியீட்டுத் தரங்களிலும் அழியாமல் தங்கியது. நொடிக்கு 8,000 மதிப்புகள் எடுக்கும் அமெரிக்க அரசின் 2,400 பிட் தரமாக இருந்த எல்பிசி-10, தன் பெயரிலேயே பத்துக் கெழுக்களைக் கொண்டுள்ளது. எட்டும் இரண்டும் என்ற அதே கணக்குக்கு இது ஒத்துவருகிறது. கைப்பேசிகளின் முதல் ஜிஎஸ்எம் பேச்சுத்தரம் எட்டுக் கெழுக்களை அனுப்புகிறது. அதற்கு முன்பே நிறமாலையின் சரிவை ஈடுசெய்யும் முன்னேற்பாட்டு வடிப்பான் ஒன்று வைக்கப்பட்டுள்ளதால், இரண்டின் வேலை வேறிடத்தில் முடிந்துவிட்டது என்று கொள்ள இடமுண்டு. அத்தரத்தில் அனுப்பப்படும் எண்களின் பெயர் மடக்கைப் பரப்பு விகிதங்கள் என்பதே. பரப்பு என்பது இங்கே குரற்குழலின் அடுத்தடுத்த உருளைகளின் குறுக்குவெட்டுப் பரப்பு. கோடிக்கணக்கான கைப்பேசி உரையாடல்கள், அவற்றை நடத்தியவர்கள் அறியாமலே, ஒரு தொண்டையின் அளவுகளாகப் பயணம் செய்துள்ளன.

அட்டலின் அதே துறையில் 1953இல் பட்டயம் பெற்று, 1962இல் பெல் ஆய்வகம் சேர்ந்த மன் மோகன் சோந்தியின் வழி இதற்கு எதிர்த்திசையில் சென்றது. அவரும் பி. கோபிநாத்தும் 1971இல், அட்டல்–ஹனாவர் கட்டுரை வெளிவந்த அதே ஆண்டில், உதட்டில் வைத்த குழாய் வழியே வெளியிலிருந்து ஒரு துடிப்பை அனுப்பி, எதிரொலிப்பிலிருந்து குரற்குழலின் வடிவத்தைக் கணக்கிடும் முறையை வெளியிட்டனர். ஆய்வுக்கு உட்படுபவர் வாயை உயிரொலிக்குரிய வடிவில் வைத்திருப்பார். குரல் எழுப்ப மாட்டார். அட்டல் குரல்நாண்களை இரண்டு கெழுக்களில் ஒடுக்கினார் என்றால், சோந்தி அவற்றைக் கணக்கிலிருந்தே நீக்கினார். இது குறைபாடன்று. பேச்சொலியிலிருந்து மட்டும் குழலின் வடிவத்தை ஊகிக்கும்போது மூலத்தின் சாயல் குழலின் சாயலாகத் தவறாகப் பதியும் என்பதை உணர்ந்து செய்த தெளிவான விலக்கு அது.

ஒரே துறையிலிருந்து சென்ற இருவர், ஒரே ஆய்வகத்தில், ஒரே ஆண்டில் இக்கேள்வியைத் தொட்டதைப் பெங்களூரின் தாக்கம் என்று சொல்லலாமா என்ற இடத்தில் சான்று மெலிவுதான். பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் ஃபிளனகனும் மன்ஃப்ரெட் ஷ்ரோடரும் உருவாக்கியிருந்த சூழலே இருவரையும் இதில் ஈடுபடுத்தியது என்பதற்கு வாய்ப்பு மிகுதி. ஆயினும் தற்செயல் என்று முற்றிலும் ஒதுக்கிவிட முடியாதபடி ஒரு செய்தி நிற்கிறது. அட்டல் பெங்களூரில் கற்பித்தது ஒலியியல். ராமகிருஷ்ணாவின் குழு தகவல் கோட்பாட்டையும் ஒலியியலையும் ஒரே கூரையின் கீழ் நடத்தியது. 1971ஆம் ஆண்டுக் கட்டுரையின் சிறப்பே இவ்விரண்டும் பிரிக்க முடியாதபடி அதில் கலந்திருப்பது. பன்னிரண்டு என்னும் எண் ஒலியியலாளர் ஒருவர் தகவல் கோட்பாட்டுக்குத் தந்த விடை. எனவே அவர் பெங்களூரிலிருந்து கொண்டுசென்றது ஒரு முடிவு அன்று, இரு துறைகளையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் என்ற அளவுக்கு வற்புறுத்திச் சொல்வது மிகையாகாது.

எஞ்சிய இரண்டு கெழுக்களின் கதை பெங்களூரிலேயே தொடர்கிறது. கழகத்தின் அதே துறையைச் சேர்ந்த டி. வி. அனந்தபத்மநாபாவும் பி. யக்ஞநாராயணாவும் 1975இல் குரலொலியின் கிளர்ச்சிக் கணங்களைப் பிரித்தெடுக்கும் முறையை வெளியிட்டனர். கிளர்ச்சிக் கணம் என்பது குரற்குழல் வலுவாகத் தூண்டப்படும் நொடிப்பொழுது. குரல்நாண்கள் திறக்கும்போது அன்று, சட்டென மூடிக் காற்றோட்டம் அறுபடும்போது அது நிகழ்கிறது. மூடுதலே முதன்மைத் தூண்டல் என்பதை ஆர். எல். மில்லர் 1959இலேயே காட்டியிருந்தார். மூடும் கணத்தைப் பேச்சலையிலிருந்து கண்டறியும் முறை ஒன்றை எச். டபிள்யூ. ஸ்ட்ரூப 1974இல் வெளியிட்டிருந்தார். ஆகவே பெங்களூர்க் கட்டுரைக்கு முதன்மை உரிமை கோருவது பொருந்தாது. ஓராண்டு இடைவெளியில் அச்சான இரு கட்டுரைகளில் எதன் ஆய்வு முன்னதாகத் தொடங்கியது என்பதை அச்சான ஆண்டை வைத்து முடிவு செய்யவும் இயலாது.

அனந்தபத்மநாபாவும் யக்ஞநாராயணாவும் 1979 ஆகஸ்டில் வெளியிட்ட இரண்டாம் கட்டுரையே இங்கே முக்கியமானது. முன்கணிப்பின் எச்சத்தில் தோன்றும் உச்சிகள் குரல்நாண்கள் மூடும் கணங்களைக் காட்டும் என்பது அன்றைய பொதுக் கருத்து. ஒத்திசைவுகளின் கட்டக் கோணங்கள் சரிவர ஈடுசெய்யப்படாதபோது அவ்வுச்சிகள் நேர்க்குறியிலும் எதிர்க்குறியிலும் சிதறி, கணத்தின் இடத்தையே ஐயத்துக்கு உள்ளாக்கும் என்று அக்கட்டுரை காட்டியது. ஹில்பர்ட் உருமாற்றத்தின் துணையால் எச்சத்தின் உறைவடிவைக் கணக்கிட்டுக் குறிவேறுபாட்டின் தொல்லையை நீக்குவது அதன் வழி. நுட்பத்தைவிட நோக்கம் கவனத்துக்குரியது: கட்டுரைத் தலைப்பே மூடிய இடைவெளியை அடையாளம் காண்பது என்றுதான் முடிகிறது. நாண்கள் மூடியிருக்கும் அந்தச் சில மில்லி நொடிகளில் மட்டுமே குரற்குழல், கீழே உள்ள மூச்சுக்குழலின் இடையீடு இன்றித் தனித்து ஒலிக்கிறது. அந்த இடைவெளியில் குழலை அளந்து, அவ்வளவைக் கொண்டு முழு அலையிலிருந்தும் குழலின் விளைவைக் கழித்தால், குரல்நாண்களின் காற்றுத்துடிப்பு தன் வடிவத்தோடு மீளும். அதே இதழின் அதே எண்ணில் வாங், மார்க்கெல், கிரே ஆகியோர் எழுதிய கட்டுரை, மூடிய இடைவெளியைக் கொண்டு காற்றுத்துடிப்பை மீட்கும் இவ்வேலையையே செய்கிறது. முன்னது 309ஆம் பக்கத்திலும் பின்னது 350ஆம் பக்கத்திலும் தொடங்குகின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, ஒன்று கேட்டதை மற்றொன்று கொடுப்பது புலப்படும். அட்டல் இரண்டு கெழுக்களில் ஒடுக்கியதை விரித்துப் பார்க்கும் காலம் வந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று தேவையில்லை.

விரித்தபோது தெரிந்தது ஃபன்ட்டின் பகுப்பையே அசைத்தது. அதைச் செய்தவர்களுள் ஃபன்ட்டும் ஒருவர். சுவீடனில் அனந்தபத்மநாபா அவரோடு சேர்ந்து 1982இல் வெளியிட்ட கட்டுரை, குரல்நாண் வழிக் காற்றோட்டத்தின் உண்மை வடிவத்தையும் அதன் கூறுகளையும் கணக்கிடுவதைப் பற்றியது. அதில் மூலமாகக் கொள்ளப்படுவது காற்றோட்டம் அன்று. நுரையீரல் அழுத்தமும் நேரத்தோடு மாறும் குரல்நாண் திறப்பின் பரப்பும். காற்றோட்டம் இவற்றோடு குரற்குழலின் சுமையும் சேர்ந்து விளைவது. குழலில் உள்ள காற்றின் நிலைமத்தால் காற்றுத்துடிப்பின் எழுச்சி தாமதித்து வீழ்ச்சி செங்குத்தாகிறது. வீழ்ச்சி செங்குத்தானால் மூடும் கணத்துத் தூண்டல் வலுப்படுகிறது. நாண்கள் திறந்திருக்கும்போது முதல் ஒத்திசைவின் ஆற்றல் திறப்பு வழியே கீழிறங்கி விரைவில் தணிகிறது. அவ்வொத்திசைவின் சிற்றலைகள் காற்றோட்டத்தின் மீதே படிகின்றன. வேறு சொற்களில், வடிப்பான் மூலத்துக்குள் புகுந்துவிடுகிறது. அவ்வாறாயின் 1971ஆம் ஆண்டின் இரண்டு கெழுக்கள் நிலையான இரண்டாக இருக்க வழியில்லை. ஒலிக்கப்படும் உயிரைப் பொறுத்தும், ஒரே துடிப்புக்குள் திறப்பையும் மூடுதலையும் பொறுத்தும் அவை மாற வேண்டும்.

இதனை ஃபன்ட் தம் கோட்பாட்டைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வது தவறு. திறப்பின் பரப்பை மூலமாகக் கொண்டால் மூலம், வடிப்பான் என்னும் பகுப்பு இன்னும் ஆழமான ஓரிடத்தில் நிலைபெறுகிறது. அந்த இடமும் முழுத் தன்னுரிமை உடையதன்று என்பதை 1972இல் இஷிசாகாவும் ஃபிளனகனும் அமைத்த இரு-நிறை உருவகம் முன்பே காட்டியிருந்தது. ஒவ்வொரு நாணையும் வில்சுருளால் இணைந்த இரண்டு நிறைகளாகக் கொண்ட அவ்வுருவகத்தில், நாண்களின் அசைவே காற்றழுத்தத்தால் தீர்மானிக்கப்படுகிறது. குரல்நாண்களைக் கணக்கிலிருந்து நீக்கிய சோந்தியும் 1987இல் ஷ்ரோட்டரோடு சேர்ந்து அமைத்த கலப்பு ஒலியாக்கியில் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தார். குழலை அதிர்வெண் களத்திலும் நாண்களை நேரக் களத்திலும் கணக்கிட்டு இரண்டையும் இணைத்த அவ்வேற்பாடு, இரண்டும் ஒரே வகைக் கணக்குக்கு அடங்குவன அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறது.

பன்னிரண்டு பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 17 செ.மீ. என்பது வளர்ந்த ஆணின் குரற்குழல். பெண்ணின் குழலை ஏறத்தாழ 14.5 செ.மீ. எனக் கொண்டு அதே கணக்கைப் போட்டால் இருவழிப் பயணம் 0.85 மில்லி நொடி. குழலுக்குத் தேவையானவை எட்டு அல்லது ஒன்பது கெழுக்களே. எண்ணிக்கையை மாற்றாமல் விட்டால் குரல்நாண்களின் கணக்கில் மூன்று, நான்கு கெழுக்கள் சேர்ந்து, எது நாணின் பங்கு, எது குழலின் பங்கு என்ற கேள்வி மேலும் குழம்புகிறது. போதாக்குறைக்கு, பெண் குரலில் நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை திறந்து மூடுவதால், அளவெடுக்க வேண்டிய மூடிய இடைவெளியும் குறுகிவிடுகிறது. பேச்சாய்வின் பல முறைகள் ஆண் குரலில் நன்றாகவும் பெண், குழந்தைக் குரல்களில் தடுமாறியும் செயல்பட்டதற்கு இது ஒரு காரணம் என்று துணிந்து கூறலாம்.

இக்கேள்வியை ஒதுக்கிவைத்தும் பேச்சொலியை உருவாக்க முடியும் என்பதற்குக் கழகத்தின் ஏ. ஜி. ராமகிருஷ்ணனின் குழு 2001இல் கோலாலம்பூர் தமிழ் இணைய மாநாட்டில் முன்வைத்த ‘திருக்குறள்’ என்னும் தமிழ் உரை-ஒலி மாற்றி சான்று. பதிவு செய்த ஒலித்துண்டுகளை இணைக்கும் முறைக்குத் தொண்டையின் கணக்கு வேண்டியதில்லை. ஆனால் ஏ. பி. பிரதோஷ், அனந்தபத்மநாபா ஆகியோரோடு சேர்ந்து ராமகிருஷ்ணன் 2013இல் வெளியிட்ட ஆய்வு பழைய கேள்விக்கே திரும்பியது. சரிவை ஈடுசெய்த அலையிலிருந்து கெழுக்களைக் கணக்கிட்டு, ஈடுசெய்யாத மூல அலையின் மீது அவற்றைச் செலுத்தினால், கிடைக்கும் எச்சம் குரல்நாண் காற்றோட்டத்தின் மாறுவீதத்தை ஒத்த வடிவம் பெறுகிறது. அதிலிருந்து மூடும் கணங்களைக் கண்டறிவது முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் பெங்களூரில் தொடங்கிய வேலையின் நேரடித் தொடர்ச்சி.

கழகத்தில் பிரசாந்த குமார் கோஷின் ஆய்வகம் மறுமுனையிலிருந்து வருகிறது. நாக்கிலும் உதட்டிலும் தாடையிலும் ஒட்டிய சிறு உணரிகளின் இடத்தை மின்காந்தப் புலத்தால் அளந்து, ஒலியிலிருந்து உறுப்பசைவை ஊகிப்பது அதன் பணிகளுள் ஒன்று. நிம்ஹான்ஸ் மருத்துவமனையோடு இணைந்து, நரம்பு நோய்களால் பேச்சு குழறுவோரின் ஒலியையும் அது ஆராய்கிறது. ஒரே ஒலியைப் பல வாய்வடிவங்கள் தர இயலும் என்று அட்டலும் பிறரும் 1978இல் கணினிக் கணக்கால் காட்டிய சிக்கலே இவ்வகை ஊகத்தின் அடிப்படைத் தடை. வாய்க்குள் ஒட்டும் உணரிகள் குரல்வளையை எட்டுவதில்லை. நோயாளியின் பேச்சில் கேட்கும் மாற்றம் நாக்கின் தளர்ச்சியால் வந்ததா, குரல்நாண்கள் முழுதும் மூடாததால் வந்ததா என்பதை உணரிகளின் பதிவு மட்டும் கூறாது. மூடும் கணங்களைத் தரும் எச்சமும் தனித்து நின்று கூறாது. கழுத்தின் இருபுறமும் மின்முனைகளை வைத்து நாண்களின் தொடுகையை அளக்கும் கருவியின் பதிவையும் வாயுணரிகளின் பதிவையும் ஒரே பேச்சாளரிடம் ஒருசேர எடுத்து, 1979ஆம் ஆண்டு முறையின் கணங்களோடு ஒப்பிட்ட பிறகே இதற்கு விடை சொல்ல முடியும்.